நானோ மருத்துவம்: கட்டுரைக் குவியலை எப்படி வாசிப்பது?

ஒரு துறையில் ஆய்வுக் கட்டுரைகள் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போனால், நோயாளிக்கு மருந்து நெருங்கி வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? நானோ மருத்துவத்தைப் பற்றி இந்தக் கேள்வி எழுந்து கால் நூற்றாண்டு ஆகிறது. ‘ஆம், கொஞ்சம் பொறுங்கள்’ என்றார்கள் சிலர். ‘பழைய சரக்குக்குப் புதுப் பெயர்’ என்றார்கள் வேறு சிலர். உடலே இதற்கு வழிவிடாது என்று ஒரு தரப்பு வாதிட்டது. ஆய்வாளருக்குப் பட்டமும் பதவியும் வழங்கும் முறையில்தான் கோளாறு என்றது இன்னொரு தரப்பு. 2020இன் இறுதியில் கொவிட் தடுப்பூசி வந்தபோது முதல் தரப்பு வென்றுவிட்டதாகவே பலரும் எண்ணினார்கள். வழக்கு அவ்வளவு எளிதில் முடிந்ததாகத் தோன்றவில்லை.

இதைச் சிங்கப்பூரிலிருந்து பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. புக்கிட் பாத்தோக்கில் பெருவிரைவு ரயில் ஏறினால் அடுத்த நிலையம் ஜூரோங் ஈஸ்ட். அங்கே தடம் மாறி மேற்கே போனால் பூன் லே, பயனியர். அந்தப் பக்கம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். கிழக்கே மூன்றாவது நிறுத்தம் புவன விஸ்தா. அதை ஒட்டிப் பயோபோலிஸ் ஆய்வு வளாகம். அங்கிருந்து வட்டப் பாதையில் இரண்டே நிறுத்தத்தில் கெண்ட் ரிட்ஜ். அங்கே தேசியப் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனையும். நானோ துகளைச் செய்பவர், அதை எலிக்குச் செலுத்துபவர், அதைப் பற்றி எழுதுபவர், அதனால் பயன்பெற வேண்டிய நோயாளி எல்லாரும் ஒரே ரயில் கட்டணத்துக்குள் இருக்கிறார்கள். அப்படியும் ஆய்வகத்துக்கும் பலதுறை மருந்தகத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறதென்றால், தூரத்தின் மேல் பழிபோட முடியாது.

எண்ணுவதிலேயே தொல்லை

பெருக்கம் என்று சொல்லும் முன் எண்ண வேண்டும். 1997இல் டிபோர் பிரவுன் தலைமையிலான ஹங்கேரி ஆய்வாளர்கள் ‘சயன்டோமெட்ரிக்ஸ்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். தலைப்பில் ‘நானோ’ என்ற முன்னொட்டு வரும் கட்டுரைகளை அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். எண்ணிக்கை அடுக்குமுறையில் ஏறுவது தெரிந்தது. அன்றிலிருந்து நானோ பற்றிய கட்டுரைகளை எண்ணும் கட்டுரைகளே தனியொரு கிளையாக வளர்ந்துவிட்டன.

முன்னொட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 2008இல் ஆலன் போர்ட்டர், ஜான் யூட்டி, பிலிப் ஷபீரா ஆகியோரின் குழு விளக்கிக் காட்டியது. நேரத்தை அளக்கும் நானோசெகண்ட் வலையில் விழும். கடலில் மிதக்கும் நானோபிளாங்க்டன் விழும். சோடியம் நைட்ரேட்டின் வேதிக் குறியீடு ஆங்கிலத்தில் ‘என், ஏ, என், ஓ’ என்றே தொடங்குவதால், நானோவுக்குத் தொடர்பே இல்லாத உப்புக் கட்டுரைகளும் உள்ளே வந்துவிடும். மறுபுறம், லிப்போசோம், டென்ட்ரிமர், குவாண்டம் புள்ளி என்று மட்டும் எழுதிய உண்மையான நானோ கட்டுரைகள் வெளியே நின்றுவிடும். ஆகவே அவர்கள் தேடுசொற்களைப் பல அடுக்குகளாக அமைத்தார்கள். விலக்க வேண்டியவற்றுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். பின்வந்த பல ஆய்வுகள் அந்த முறையையோ அதன் திருத்திய வடிவத்தையோ பின்பற்றுகின்றன. தேடுசொல் மாறினால் ஒரு நாட்டின் பங்கும் மாறும். தரவரிசைச் செய்திகளைப் படிக்கையில் இதை மறக்கக் கூடாது.

மருத்துவத்துக்கு வந்தால் எல்லை இன்னும் மங்கல். 1 முதல் 100 நானோமீட்டர் என்பது பலரும் ஏற்ற வரையறை. மார்பகப் புற்றுநோய்க்கு 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அப்ராக்ஸேன், நானோ மருந்துகளின் பட்டியல் எதிலும் முன்வரிசையில் இருக்கும். அதன் துகள் ஏறத்தாழ 130 நானோமீட்டர். கண்டிப்பாக அளந்தால் அது தேறாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை உணர்ந்தே, அளவினால் தனிப் பண்பு உண்டாகுமானால் 1,000 நானோமீட்டர் வரை கருத்தில் கொள்ளலாம் என்று வழிகாட்டியது. நடைமுறைக்கு அது ஏற்றதுதான். எண்ணுபவர்களுக்கோ எல்லைக்கோடு அழிந்தே போனது.

பெருக்கமே முன்னறிவிப்பு என்றவர்கள்

முதல் நிலைப்பாடு நம்பிக்கையாளர்களுடையது. கட்டுரைகள் இன்று பெருகினால் காப்புரிமைகள் நாளை பெருகும், மருந்துகள் மறுநாள் வரும். நடுவில் இருப்பது காலத் தாமதம் மட்டுமே என்பது அவர்கள் வாதம். அதற்கு வரலாற்று ஆதாரமும் இருந்தது. இங்கிலாந்தின் அலெக் பேங்கம் லிப்போசோம் எனப்படும் கொழுப்புக் குமிழிகளை விவரித்த கட்டுரை 1965இல் வந்தது. அதே குமிழிக்குள் டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை அடைத்த டாக்சில் அனுமதி பெற்றது 1995இல். இடையில் முப்பது ஆண்டுகள்.

2000இல் அமெரிக்கா தேசிய நானோ தொழில்நுட்ப முனைப்பை அறிவித்ததும் மற்ற நாடுகள் வரிசைகட்டின. இந்தியா 2001இல் ஒரு முனைப்பைத் தொடங்கி, 2007இல் ஐந்தாண்டுக்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் நானோ மிஷனாக விரிவாக்கியது. சிங்கப்பூர் 2000இல் உயிர்மருத்துவ அறிவியலைப் பொருளாதாரத்தின் தூண்களில் ஒன்றாக்க முடிவெடுத்தது. 2003இல் பயோபோலிஸ் திறந்தது; எம்ஐடியிலிருந்து வந்த ஜாக்கி யிங் தலைமையில் உயிர்ப்பொறியியல், நானோ தொழில்நுட்பக் கழகமும் அதே ஆண்டு பிறந்தது. ஆய்வு, புத்தாக்கம், தொழில்முனைப்புக்கான ஐந்தாண்டுத் திட்டங்களின் தொடக்க ஒதுக்கீடு 16.1 பில்லியன் வெள்ளியிலிருந்து 19, பிறகு 25 பில்லியன் வெள்ளி என ஏறியது. இது எல்லாத் துறைக்கும் சேர்த்த தொகை. நானோவுக்குப் போனது அதில் ஒரு கீற்று.

இதழ்களும் பெருகின. ‘நானோ லெட்டர்ஸ்’ 2001இல், ‘ஸ்மால்’ 2005இல், ‘நேச்சர் நானோடெக்னாலஜி’ 2006இல், ‘ஏசிஎஸ் நானோ’ 2007இல். 2005, 2006 ஆண்டுகளில் மட்டும் பெயரிலேயே ‘நானோமெடிசின்’ தாங்கிய மூன்று இதழ்கள் வெவ்வேறு பதிப்பகங்களிலிருந்து கிளம்பின. நம்பிக்கையாளர்களின் வாதத்தில் ஓட்டை இங்கேதான் விழுகிறது. புதிய இதழ் என்பது நிரப்பப்பட வேண்டிய பக்கம். பக்கம் பெருகினால் கட்டுரையும் பெருகும். கண்டுபிடிப்பின் வேகம் எவ்வளவு, பதிப்புத் தொழிலின் வேகம் எவ்வளவு என்று அந்த வரைகோட்டில் பிரித்துப் பார்க்க வழியில்லை. அறிவியல் கட்டுரைகளே ஒட்டுமொத்தமாகப் பெருகிவந்த காலம் அது. சீனா எண்ணிக்கையில் அமெரிக்காவை எட்டிப் பிடித்து முந்திய காலமும் அதுவே. நானோவின் வளர்ச்சியைச் சொல்லும்போது அந்தப் பொது வளர்ச்சியைக் கழித்துச் சொன்னவர்கள் சிலரே.

பழைய சரக்கு, புதுச் சீட்டு

இரண்டாவது நிலைப்பாடு சுருக்கமானது. கூழ்ம வேதியியல், இழைமப் பொறியியல், மருந்துப் பொதியியல் என்று முன்பு அழைக்கப்பட்டவை நிதி வரும் திசை பார்த்து நானோ எனப் பெயர் சூட்டிக்கொண்டன என்பது இது. சான்றுக்குப் பஞ்சமில்லை. நானோ மருந்துப் பட்டியல்கள் பலவற்றில் இரும்புச்சத்துக் குறைவுக்கு 1970களிலேயே புழங்கிய இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசியும் இடம்பெறுகிறது. அதைச் செய்தவர்கள் யாரும் தாங்கள் நானோ செய்வதாக நினைத்திருக்க மாட்டார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் 1970களிலிருந்து 2015 வரை தங்களிடம் வந்த நானோ மருந்து விண்ணப்பங்களைத் தொகுத்து 2017இல் வெளியிட்டார்கள். 350க்கும் மேற்பட்ட அவற்றில் மூன்றில் ஒரு பங்கு லிப்போசோம்கள். ஆய்விதழ்களின் அட்டையை அலங்கரித்த தங்கத் துகளும் கார்பன் குழாயும் அந்தப் பட்டியலில் பெரிய இடம் பிடிக்கவில்லை.

பெயர் போன வழியே திரும்பியும் வருகிறது. பயோபோலிஸ் கழகம் பின்னர் உயிர்ப்பொறியியல், உயிர்ப்படவியல் கழகம் ஆனது. ‘நானோ’ பெயர்ப்பலகையிலிருந்து இறங்கிவிட்டது. ஆனால் பெயர்மாற்றம் என்பதால் மட்டும் எல்லாம் போலி ஆகிவிடாது. மின்நுண்ணோக்கியும் அளவீட்டு நுட்பமும் வளர்ந்த பிறகு பழைய பொருளையே புதிதாகப் புரிந்துகொண்டதும் உண்டு. இந்த நிலைப்பாட்டால் எண்ணிக்கை ஏன் ஏறியது என்று சொல்ல முடிகிறது. மருந்து ஏன் வரவில்லை என்பதற்கு அதனிடம் விடையில்லை.

எலியில் கசிந்தது, மனிதரில்?

அந்த விடையைத் தேடியவர்கள் புற்றுநோய்க் கட்டியின் ரத்தக் குழாயில் போய் நின்றார்கள். குமாமோட்டோ பல்கலைக்கழகத்தின் யசுஹிரோ மட்சுமுராவும் ஹிரோஷி மயேதாவும் 1986இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். கட்டியின் ரத்தக் குழாய்கள் அவசரத்தில் வளர்ந்தவை, சுவரில் இடைவெளி விட்டவை. பெரிய மூலக்கூறுகள் அங்கே கசிந்து உள்ளே போகும். நிணநீர் வடிகால் சரியில்லாததால் வெளியேறாமல் தங்கும். இந்தக் ‘கசிந்து தங்கும் விளைவு’ நானோ மருத்துவத்தின் அடித்தளமாயிற்று. இலக்கைத் தேடி அலைய வேண்டாம், அளவு சரியாக இருந்தால் துகள் தானே போய்ச் சேரும் என்றானது. ஆயிரக்கணக்கான கட்டுரைகளின் முன்னுரையில் இது நிரூபணம் தேவையற்ற உண்மையைப் போல இடம்பெற்றது.

நெருங்கிப் பார்த்தால் ஒரு கணக்கு உதைக்கும். ஆய்வக எலியின் எடை சுமார் 20 கிராம். அதன் தோலடியில் வளர்க்கும் கட்டி ஒரு சென்டிமீட்டர் விட்டத்தை எட்டினால் எடை ஏறத்தாழ அரை கிராம். உடல் எடையில் நாற்பதில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அதே விகிதத்தில் கட்டி இருந்தால் அது ஒன்றரைக் கிலோ! எலியில் அது சில வாரங்களில் வளர்ந்தது. மனிதரில் கட்டி வளர ஆண்டுகள் ஆகும். அவசரத்தில் வளர்ந்த குழாய் கசிவதில் வியப்பில்லை. மெல்ல வளர்ந்த குழாயும் அப்படியே கசியும் என்று எதிர்பார்ப்பதற்குத்தான் சான்று வேண்டும்.

2016இல் டொராண்டோவின் வாரன் சான் குழு, முந்தைய பத்தாண்டில் வெளியான 117 கட்டுரைகளின் தரவுகளை மறுபடி கணக்கிட்டது. செலுத்திய துகள்களில் கட்டியை அடைந்தவற்றின் இடைநிலை அளவு 0.7 விழுக்காடு. ஆயிரத்துக்கு ஏழு. பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொண்டன. அதே குழு 2020இல், கட்டிக்குள் போகும் துகள்களில் 97 விழுக்காடு வரை சுவரின் இடைவெளி வழியாகப் போகவில்லை, குழாய்ச் செல்களே அவற்றை உள்வாங்கிக் கடத்துகின்றன என்று எழுதியது. அடித்தளமே ஆட்டங்கண்டது.

எதிர்வாதமும் வலுவானதுதான். 0.7 குறைவு என்று எதை வைத்துச் சொல்வது? சாதாரண மருந்தை நேரடியாகச் செலுத்தினாலும் கட்டிக்குப் போவது சொற்பமே. ஒப்பிடாமல் ஓர் எண்ணைத் தூக்கிப் பிடிப்பது நியாயமில்லை என்றார்கள் மருந்தியக்கவியல் அறிந்தவர்கள். டாக்சில் ஏன் மதிக்கப்படுகிறது என்பதும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். பரவிய மார்பகப் புற்றில் அது சாதாரண டாக்சோரூபிசினை விடக் கூடுதலாகப் புற்றை அடக்கியதாகப் பெரிய பரிசோதனை காட்டவில்லை; இதயத்தைக் குறைவாகத் தாக்கியது. நோயாளிக்கு அதுவே பெரிய ஆறுதல். துகள் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் போலவே எங்கே போகாமல் தவிர்த்தது என்பதும் மருத்துவம்தான்.

சிங்கப்பூரிலிருந்து இந்த விவாதத்துக்குள் வந்த ஒரு கிளை எனக்கு முக்கியமாகப் படுகிறது. தேசியப் பல்கலைக்கழகத்தின் டேவிட் லியோங் குழு 2013இல், டைட்டானியம் டைஆக்சைடு துகள்கள் ரத்தக் குழாய்ச் செல்களை ஒட்டவைக்கும் புரதப் பிணைப்பையே குலைத்து, தாமாகவே இடைவெளி உண்டாக்குவதைக் காட்டியது. கசிவு இல்லாத இடத்தில் துகளே கசிவை ஏற்படுத்தும் என்றால் மருந்தைச் சேர்க்க அது உதவலாம். 2019இல் அதே குழாம் மறுபக்கத்தையும் எழுதியது: மார்பகப் புற்றுள்ள எலிகளில் அந்த இடைவெளி வழியே புற்றுச் செல்களும் ரத்தத்துக்குள் நழுவிப் பரவ வாய்ப்புண்டு. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே நீட்டக் கூடாது என்ற எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். இருந்தாலும், தன் முந்தைய கண்டுபிடிப்பின் ஆபத்தைத் தானே தேடிப்போய்ப் பதிவுசெய்த கட்டுரைகள் இத்துறையில் அரிது.

கட்டுரைக்கும் மருந்துக்கும் இடையே நடப்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டு போதும். ராபர்ட் லாங்கரும் ஓமித் ஃபரோக்சாதும் தொடங்கிய பைண்ட் நிறுவனத்தின் இலக்குத் துகள் 2012இல் புகழ்பெற்ற ஆய்விதழில் வெளியாகி ஏராளமாக மேற்கோள் காட்டப்பட்டது. 2016 மே மாதம் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. சொத்துகளைப் பிஃபைசர் வாங்கிக்கொண்டது. இன்னொன்று எம்எம்-302 என்ற லிப்போசோம் மருந்து. அதன் நடுக்கட்டப் பரிசோதனை பயனில்லை என்று 2016 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதே மருந்தைக் கதிரியக்கச் செம்பால் குறியிட்டு 19 பெண்களில் படமெடுத்த ஆய்வு அடுத்த ஆண்டு வெளியானது. துகள் சேரும் அளவு ஆளுக்கு ஆள், ஒரே ஆளில் கட்டிக்குக் கட்டி பெரிதும் வேறுபட்டது. அதிகம் சேர்ந்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்ததாகத் தெரிந்தது. யாருக்குக் கசிகிறது என்று முதலில் பார்த்துத் தேர்ந்திருந்தால் பரிசோதனை வேறு விதமாக முடிந்திருக்குமா? நியாயமான கேள்வி. மருந்து நின்ற பிறகே அதைக் கேட்க முடிந்தது.

இலைக்கு ஒரு கட்டுரை

நான்காவது நிலைப்பாடு உடலை விட்டு ஆய்வாளரின் பிழைப்பைப் பார்க்கிறது. தமிழ் வாசகருக்கு இதன் நெருக்கமான உதாரணம் தாவர இலைச் சாற்றால் வெள்ளி நானோ துகள் செய்யும் ‘பசுமை உருவாக்கம்’. புனே தேசிய வேதி ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு வேப்பிலைச் சாற்றில் தங்க, வெள்ளித் துகள்களைச் செய்து காட்டிய கட்டுரை 2004இல் வந்தது; புதுமையானது. பிறகு துளசி, நொச்சி, ஆடாதொடை, முருங்கை, கீழாநெல்லி என்று தமிழ்நாட்டுக் கொல்லையில் முளைக்கும் எதுவும் மிச்சமில்லை.

செய்முறை எளிது. இலையைக் கழுவி நறுக்கி வடிநீரில் கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும். சாற்றில் சிறிதளவை வெள்ளி நைட்ரேட் கரைசலில் சேர்க்க வேண்டும். வெளிர்மஞ்சள் சில மணி நேரத்தில் பழுப்பாகும். நிறமாலைமானியில் 420 நானோமீட்டரை ஒட்டி ஒரு மேடு தெரிந்தால் துகள் உருவாகிவிட்டது. பிறகு எக்ஸ் கதிர்ப் படம், மின்நுண்ணோக்கிப் படம். அகார் தட்டில் ஈ. கோலை, ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகளைச் சுற்றி விழும் வெற்று வளையத்தை அளவுகோலால் அளந்து அட்டவணை. கடைசியில் புற்றுச் செல் வரிசை ஒன்றின் மேல் சோதனை, ‘எதிர்காலத்தில் மருந்தாகலாம்’ என்ற வரி.

இதைக் கேலி செய்வது எளிது, நியாயமாகாது. நிதியும் விலங்கு ஆய்வு வசதியும் இல்லாத கல்லூரியில் ஒரு முனைவர் பட்ட மாணவி நேர்மையாகச் செய்யக்கூடிய நானோ ஆய்வு அநேகமாக இதுதான். குறை வேறிடத்தில். வெள்ளி அயனியே கிருமிக் கொல்லி. துகளின் விளைவா, கரைந்த வெள்ளியின் விளைவா என்று பிரிக்கும் ஒப்பீடு பல கட்டுரைகளில் இல்லை. மழைக்காலத்து இலையும் கோடைக்கால இலையும் ஒரே சாறு தராது. துகளின் மேல் ஒட்டியிருப்பது எந்த மூலக்கூறு என்பதும் பெரும்பாலும் உத்தேசமே. ஒரு இலையை நூறு பேர் ஆழமாக ஆராய்ந்திருந்தால் ஏதாவது தேறியிருக்கும். நூறு பேர் நூறு இலையை எடுத்துக்கொண்டார்கள். முந்தையவர் செய்ததையே திரும்பச் செய்தால் ‘புதுமை இல்லை’ என்று திரும்பி வரும். இலையை மாற்றினால் ஏற்கப்படும்.

சித்த மருந்துகளைச் சுற்றியும் இதேபோன்ற எழுத்து வளர்ந்தது. பற்பமும் செந்தூரமும் நானோ அளவுத் துகள்களைக் கொண்டவை எனப் படங்களோடு காட்டும் கட்டுரைகள் பல. அளவு நானோ என்பது உண்மையாகவே இருக்கலாம். அதிலிருந்து மருந்தின் பலனோ பாதுகாப்போ தானாக நிரூபணமாகிவிடாது. பாதரசமோ ஆர்செனிக்கோ சேரும் மருந்தில் சிறிய துகள் கூடுதல் கவலைக்கே காரணமாகலாம்.

இந்த எழுத்துக்குப் பின்னால் விதிகள் இருந்தன. இந்தியாவில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளில்தான் நீங்கியது. ஆசிரியர் பதவி உயர்வுக்கும் கட்டுரைக்குப் புள்ளி உண்டு. நானோ கட்டுரை எண்ணிக்கையில் இந்தியா உலகில் மூன்றாமிடம் என்று அரசு பெருமையோடு சொல்லிவந்த காலமும் இதுவே. தேவை இருக்கும் இடத்தில் சந்தை முளைக்கும். காசுக்குக் கட்டுரை செய்து தரும் ஆலைகள் உலகெங்கும் எழுந்தன. 2023இல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் 10,000ஐத் தாண்டின. 8,000க்கும் மேற்பட்டவை ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தவை. அதன் பட்டியலில் ஒரு நானோபொருள் இதழும் இருந்தது.

சிங்கப்பூரின் நோய் வேறு வகை என்றே சொல்லத் தோன்றுகிறது. இங்கே எண்ணிக்கையை விட இதழின் அந்தஸ்து எடைபோடப்படுகிறது. அதனால் எளிய துகளுக்கு மதிப்பில்லை. இலக்கைத் தேட ஒரு மூலக்கூறு, ஒளியால் தூண்ட ஒரு சாயம், படமெடுக்க ஒரு உலோகம் என்று ஒரே துகளில் அனைத்தையும் ஏற்றினால்தான் உயர்ந்த இதழ் திரும்பிப் பார்க்கும். சூரிக்கின் ஜான்-கிறிஸ்டோஃப் லெரூ 2017இல், மருந்துச் செலுத்துகைத் துறையில் சிக்கல் அதிகம், மறுசெய்கை போதாது என்று எழுதியபோது குறிவைத்தது இந்த வழக்கத்தைத்தான். ஏழு படிகளில் செய்யும் துகளைத் தொழிற்சாலையில் லிட்டர் கணக்கில் ஒரே தரத்தில் செய்வது மிகக் கடினம். இலைச்சாற்றுக் கட்டுரையும் எழுபடித் துகள் கட்டுரையும் பார்வைக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. இரண்டையும் பெற்றது ‘புதிதாக இரு’ என்ற ஒரே கட்டளை.

தடுப்பூசி தந்த பதில்

2020 டிசம்பர் 21 அன்று பிஃபைசர்-பயோஎன்டெக் தடுப்பூசியின் முதல் தொகுதி சிங்கப்பூருக்கு வந்தது. 30ஆம் தேதி தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையத்தில் முதல் ஊசி போடப்பட்டது. தூது ஆர்என்ஏவைச் சுமந்து வந்தது கொழுப்பு நானோ துகள். சில மாதங்களில் தீவின் சமூக மன்றங்களில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் நானோ மருத்துவத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்கள். டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளியும் ஆர்க்டரஸ் நிறுவனமும் சேர்ந்து அதே வகையிலான தங்கள் தடுப்பூசியை 2020இலேயே சிங்கப்பூரில் மனிதரில் சோதிக்கத் தொடங்கின.

நம்பிக்கையாளர்கள் சொன்னது நடந்துவிட்டதா? எந்தக் கட்டுரைகள் இதற்கு வழி செய்தன என்று பின்னோக்கிப் போனால் குவியலின் ஓரத்துக்கே வர வேண்டியிருக்கிறது. வான்கூவரில் பீட்டர் கல்லிஸ் செல்சவ்வில் கொழுப்பு என்ன வேலை செய்கிறது என்ற அடிப்படைக் கேள்வியோடு தொடங்கியவர். அமிலத்தன்மைக்கேற்ப மின்னூட்டம் மாறும் கொழுப்பைப் பல ஆண்டுகள், நிறுவனங்களோடு சேர்ந்து, நூற்றுக்கணக்கான வகைகளாகச் செய்து சலித்துத்தான் 2018இல் அனுமதி பெற்ற பட்டிசிரான் என்ற மருந்து கிடைத்தது. தடுப்பூசியின் துகள் அதற்கு அடுத்த தலைமுறை. கட்டலின் காரிகோவும் ட்ரூ வைஸ்மனும் 2005இல் வெளியிட்ட ஆர்என்ஏ கட்டுரையைப் பெரிய இதழ் ஒன்று முதலில் திருப்பி அனுப்பியது. 2023இல் நோபல் வந்தது. வரைகோடு செங்குத்தாக ஏறிய ஆண்டுகளில் கவனத்தை ஈர்த்தவை வேறு பொருள்கள்.

தடுப்பூசி எளிய வழியில் போனது என்பதையும் சொல்ல வேண்டும். பட்டிசிரான் போக வேண்டிய இடம் கல்லீரல். துகள்கள் எப்படியும் போய்ச் சேரும் இடம் அது. தடுப்பூசியோ தசையில் போடுவது. ரத்தத்தில் நீந்திக் கட்டியைத் தேடும் சோதனையை இரண்டும் எழுதவே இல்லை.

சிங்கப்பூரின் கண் மருந்து இதே பாடத்தைச் சிறிய அளவில் காட்டுகிறது. நன்யாங்கின் சுப்பு வெங்கட்ராமன், ஃபிரெடி போய், கண் மருத்துவர் டினா வோங் ஆகியோர், கண் அழுத்த நோய்க்கு அன்றாடம் விடும் லட்டனோபிராஸ்ட் சொட்டுமருந்தை லிப்போசோமில் அடைத்து ஊசியாக்கினார்கள். முதியவர்கள் சொட்டுமருந்தை ஒழுங்காக விடுவதில்லை என்பது கண் மருத்துவர்களின் பழைய தலைவலி. ஒரு ஊசி மாதக்கணக்கில் மருந்தைக் கசியவிட்டால் அந்தக் கவலை இல்லை. ஆறு நோயாளிகளில் நடந்த முதல் ஆய்வு நம்பிக்கை தந்தது. 2014இல் மூவருக்கும் அதிபர் தொழில்நுட்ப விருது கிடைத்தது. எளிய துகள், தெரிந்த மருந்து, உடலின் பெரும் சுற்றோட்டத்தைத் தவிர்க்கும் மூடிய அறை போன்ற கண். எல்லாம் சாதகம். ஆனாலும் பெரும்பாலான நோயாளிகள் கையில் இன்றும் சொட்டுமருந்துப் புட்டிதான். ஆறு பேருக்குப் பிறகு நூற்றுக்கணக்கானோர் வேண்டும். கிருமியற்ற லிப்போசோமை ஆலையில் செய்து ஆண்டுக்கணக்கில் கெடாமல் வைத்துக் காட்ட வேண்டும். அந்த நெடும் வேலையில் செலவு ஏராளம். கட்டுரை சொற்பம், முனைவர் பட்டம் அறவே இல்லை.

தீராமல் நிற்பவை

நான்கு நிலைப்பாடுகளில் எதையும் முழுதாகத் தள்ள முடியவில்லை. என் மதிப்பீட்டில் உடலியல் தடையும் வெகுமதி முறையும் சேர்ந்தே இயங்கியிருக்கின்றன: கசிந்து தங்கும் விளைவை எலியில் காட்டுவது எளிது என்பதால் அது எழுதப்பட்டது, எழுதப்பட்டதால் நம்பப்பட்டது. தோற்ற துகள்களைப் பற்றிய கட்டுரைகள் மிகக் குறைவு. குவியலின் உயரத்தைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள், அதில் இல்லாதவற்றைப் பற்றிப் பேசியது போதாது.

2018இல் ‘நேச்சர் நானோடெக்னாலஜி’யில் பல நாட்டு ஆய்வாளர்கள், உயிர்-நானோ பரிசோதனைக் கட்டுரை எதுவும் குறைந்தபட்சம் தர வேண்டிய விவரங்களின் பட்டியலை முன்வைத்தார்கள்: துகளின் அளவும் மேற்பரப்பும், செல்லின் விவரம், செலுத்திய அளவு, செய்முறை. இவை அதுவரை கட்டாயமாக இருக்கவில்லை என்பதே துறையின் நிலையைச் சொல்லும். பட்டியலைப் பின்பற்றுவது கட்டுரைகளை ஒப்பிட உதவும். மருந்தாகும் வாய்ப்பைக் கூட்டுமா என்பதற்கு இன்னும் காலம் வேண்டும். 2025இல் இந்தியாவின் தேசிய உயர்கல்வி நிறுவனத் தரவரிசை, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறையைக் கொண்டுவந்தது. அது போலியைக் குறைக்கலாம். பொய்யும் அல்லாத, பயனும் அற்ற கட்டுரையை அது தொடாது.

கட்டுரைக்குப் பதில் மருத்துவப் பரிசோதனைகளை எண்ணலாம் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. அதிலும் பொறி உண்டு. நானோ என்று பதிவேடுகளில் தேடினால் வருபவற்றில் பெரும்பகுதி, ஏற்கெனவே அனுமதி பெற்ற லிப்போசோம் டாக்சோரூபிசினையோ அப்ராக்ஸேனையோ வேறொரு மருந்தோடு சேர்த்துப் பார்ப்பவை. புதிய துகள் ஒன்று முதன்முதலாக மனித உடலுக்குள் போகும் பரிசோதனைகளை மட்டும் தனியே பிரித்து, எது எந்த ஆய்வகக் கட்டுரையிலிருந்து கிளம்பியது, எந்தக் கட்டத்தில் நின்றது, பணம் தீர்ந்ததா, பலன் இல்லையா, நச்சா என்று கடைசிவரை பின்தொடரும் பதிவு உலக அளவில் துண்டு துண்டாகவே இருக்கிறது. நிறுத்திய நிறுவனங்கள் காரணத்தை முழுதாகச் சொல்லும் கடமை இல்லாதவரை அது நிறையப் போவதுமில்லை. சிங்கப்பூர் அளவிலான ஒரு நாட்டில், நிதி கொடுப்பது பெரும்பாலும் அரசே என்பதால், அப்படியொரு பதிவைக் கேட்டுப் பெறுவது நடக்கக்கூடிய காரியம். இருபது ஆண்டு வரலாறும் அநேகமாக ஒரு எக்செல் தாளில் அடங்கிவிடும்.